கணக்கு எனக்கு வராதா?

தேர்வுத் தாளைத் திருப்பித் தரும் நாளில் எங்கள் வகுப்பில் நடப்பதைக் கூறுகிறோம். குறைந்த மதிப்பெண் பெற்றவள் தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்கிறாள். "எனக்குக் கணக்கு வராதுடி" என்கிறாள். ஆறாம் வகுப்பில் பின்னத்தில் திணறிய அன்று யாரோ சொன்ன சொல் அது. இன்றுவரை அவள் அதை நம்புகிறாள். "அவள் என்னைப் போல, எனக்கும் கணக்கு வராது" என்று அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவதும் உண்டு.

முதல் மதிப்பெண் பெறுகிறவளுக்குக் கவலையே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லையாம். அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1998-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்தபின் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், வேறு சிலரிடம் "நீ நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். வேற்றுமை இந்த ஒரு வாக்கியந்தான். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள், எல்லோரும் திணறினார்கள். மூன்றாம் முறை, முதலில் கொடுத்த அளவுக்கே எளியவை. முயற்சிக்காகப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னிலும் நன்றாகச் செய்தார்கள். புத்திசாலி எனப்பட்டவர்களோ முன்னிலும் குறைவாகச் செய்தார்கள்! அது மட்டுமா? தாங்கள் பெற்ற எண்ணிக்கையை வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, இவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் பொய்யாக எழுதினார்களாம். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். கிடைத்த பட்டம் போய்விடுமே என்ற அச்சந்தான். இதைப் படித்தபோது எங்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்படியானால் "முயற்சி செய், முயற்சி செய்" என்று ஓதிக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது என்று டுவெக் அம்மையாரே பின்னர் எழுதியிருக்கிறார். அந்நாட்டில் ஒன்பதாம் வகுப்பினர் சுமார் 12,000 பேர் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பயிற்சியால் அறிவுத்திறன் வளரும் என்பதை ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பாடமாக அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கற்பித்தார்கள். பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண் உயர்ந்தது; ஆனால் சற்றேதான். தவறான வழியில் பத்து முறை போட்டாலும் கணக்குத் தவறாகத்தானே வரும்?

ஆகவே இவ்வாண்டு மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் நால்வராக உட்கார்ந்து, தாளை விரித்துவைத்து, எந்த வரியில் வழி தவறியது என்று தேடினோம். முதல் நாள் வெட்கமாகத்தான் இருந்தது. பிதாகரஸ் தேற்றக் கணக்கில் எங்கள் தோழிக்கு வர்க்கம் காண நன்றாகவே தெரிந்திருந்தது. செங்கோணம் எது என்று பார்க்காமல் வேறொரு பக்கத்தைக் கர்ணமாக எடுத்திருந்தாள், அவ்வளவே! 31 பெற்றிருந்தவள் அரையாண்டில் 44 பெற்றாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடும்போது "எத்தனை?" என்று கேட்பதோடு, "எங்கே தவறியது?" என்றும் கேளுங்கள். எங்களுக்கு அடுத்த பாடம் வட்டம். அதில் நால்வருக்குமே திணறல்தான். நாளை மதியம் ஆறாம் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.