வாய்க்கால் மீனைத் தொட்டியில் வாழவைக்க

சாணி கரைந்த தண்ணீரிலும் துள்ளித் திரிந்த கெண்டை, வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு வந்த நாலாம் நாள் மல்லாந்து மிதக்கிறது. "நாட்டு மீனெல்லாம் வீட்டுக்கு ஒத்துவராது, தங்க மீனே தேவலை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தப்பு மீன் மேல் இல்லை. பிடிப்பதில் காட்டிய ஆர்வத்தில் பாதியை அதற்கு முந்திய ஒரு மாதத்திலும் பிந்திய மூன்று வாரத்திலும் காட்டியிருந்தால் அந்தக் கெண்டை சில வருஷமாவது இருந்திருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் மீன் பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம்தான் வரும்.

முதலில் தொட்டி. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருந்தால் ஏறக்குறைய 85 லிட்டர் பிடிக்கும். விரல் நீள மீன்களுக்கு இது போதும். இதைவிடச் சின்னதில் தொடங்காதீர்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வைத்திருப்பவர்கள் அதில் பணம் போட்டு வைக்கலாம். ஜன்னல் வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள். ஒரு காற்று மோட்டார், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் வேலம்பாசி, இரண்டு காய்ந்த நாட்டு வாதுமை இலை. நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் வேண்டாம். அடியில் போட ஆற்று மணல்தான் வேண்டும். வீடு கட்டிய மிச்சம் யார் வீட்டிலாவது இருக்கும். எம்-சாண்ட் போடாதீர்கள். அது உடைத்த கல், முனை கூராக இருக்கும். மணலுக்குள் முகத்தைப் புதைத்து இரை தேடும் அயிரைக்கு மீசை தேய்ந்து, வாய் புண்ணாகிவிடும்.

இத்தனையும் வைத்துத் தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட்டபின் ஒரு மாதம் மீன் விடக் கூடாது. இந்த ஒரு மாதத்தைத்தான் யாராலும் பொறுக்க முடிவதில்லை.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். வாய்க்காலில் அது ஓடிப்போகும், பாசி எடுத்துக்கொள்ளும், சேற்றிலுள்ள பாக்டீரியா தின்றுவிடும். புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா கிடையாது. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த இரண்டு வகையும் ஸ்பாஞ்சில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிட்டால் அவற்றுக்குச் சாப்பாடு.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல். போர்த் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கூடியது, கோடையில் சூடும் அதிகம். தண்ணீரின் பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு சுமார் பத்து மடங்காகிறது. சூடு ஏறினால் அதுவும் கூடுகிறது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். அதனால் அம்மோனியா, நைட்ரைட் சோதிக்கும் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை வாளியைத் தூக்க வேண்டாம்.

குறுக்கு வழி உண்டு. நண்பர் வீட்டில் வருஷக்கணக்காக ஓடும் ஆரோக்கியமான தொட்டி இருந்தால், அவர் ஸ்பாஞ்சை வாங்கி வந்து உங்கள் தொட்டியில் மாட்டுங்கள். காய விடாமல் ஈரத்தோடு வர வேண்டும். ஒரு மாத வேலை சில நாளில் முடியும். கடைத் தொட்டி ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய் மோட்டார் வாங்குங்கள், டியூப் வாங்குங்கள். பல ஊர் மீன் வந்து போகும் தொட்டியின் அழுக்கை வாங்காதீர்கள்.

குழாய்த் தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வையுங்கள், அல்லது குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போடுங்கள். போர்த் தண்ணீரையும் ஓர் இரவு குமிழி விட்டே ஊற்றுங்கள். பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு.

இனி எதைப் பிடிப்பது. காவிரி டெல்டா வாய்க்கால்களில் முதல்முறைக்காரர்களுக்கு நான் சொல்வது மூன்றுதான்: பொடிக் கெண்டை வகைகள், அயிரை, மேல் தண்ணீரிலேயே திரியும் முண்டக்கண்ணி. கெண்டையும் அயிரையும் ஆறேழாக இருந்தால்தான் பயம் தெளியும். பனையேறிக் கெண்டையும் குறவையும் அருமையான மீன்கள். ஆனால் அவற்றுக்குத் தனித் தொட்டி வேண்டும், கூட இருப்பதைத் தின்றுவிடும். சிவப்புக் குஞ்சுகள் கும்பலாகப் போகும்போது அள்ளிவிட ஆசை வரும். அவை விரால் குஞ்சு, அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு இருக்கும், விரால் ஒரு மீட்டர்வரை வளரக்கூடியது. விட்டுவிடுங்கள். தேளிக்கும் கெளுத்திக்கும் கை கொடுக்காதீர்கள். தேளியின் முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் அன்றைய பொழுது போயிற்று.

சாக்கடையோரம் கிடைக்கும் கப்பியும் கம்பூசியாவும் நம் மீன் இல்லை, கொசுவை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டவை. ஜிலேபிக் கெண்டையும் 1952-ல் வந்த விருந்தாளிதான், திரும்பிப் போகவே இல்லை.

சரணாலயத்திலும் காப்புக்காட்டு ஓடையிலும் அனுமதியில்லாமல் மீன் எடுப்பது குற்றம். காடு இல்லாத இடத்திலும் எல்லா மீனையும் எடுத்துவிடக் கூடாது. தாமிரபரணிப் படுகையில் மட்டுமே உள்ள கெண்டை ஒன்று இருக்கிறது, மீன் ஆய்வாளர் சைலஸ் 1954-ல் அதற்கு அந்த ஆற்றின் பெயரையே வைத்தார். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனம். பெயர் தெரியாத மீனைப் படமெடுத்துவிட்டு அங்கேயே விடுவது என் வழக்கம். உங்களுக்கும் அதையே விதியாகச் சொல்கிறேன். பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மலையோடை மீன்களையும் தொடாதீர்கள். குளிர்ந்த, வேகமாக ஓடும் தண்ணீர் இல்லாமல் அவை நம் வீட்டில் பிழைக்காது.

காலம் முக்கியம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். மூடியபின் வாய்க்கால் வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும். எப்படியும் கொக்குக்கும் வெயிலுக்கும் போகப்போகிற மீன்கள் அவை, எடுப்பதில் மனக்குறை இல்லை. ஆனால் குட்டை கலங்கி மீன் மேலே வாய் பிளக்கும் நிலைவரை காத்திருக்காதீர்கள். அந்த மீன் ஏற்கெனவே பாதி செத்தது. குட்டை பிரிந்த முதல் ஓரிரு வாரத்தில் காலையில் போங்கள். கொசுவலைத் துணியை இரண்டு பேர் பிடித்துக் கரையோரப் பாசிக்கு அடியில் மெதுவாகத் தூக்கினால் போதும். தூண்டில் மீன், மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா போட்ட மீன், கரண்டு வைத்த மீன் எதுவும் தொட்டிக்கு ஆகாது. மூன்று நாலு சென்டிமீட்டர் குட்டிகளாக எடுங்கள். பெரியவை புது இடத்துக்குச் சுலபத்தில் மசியாது.

கொண்டுவரும்போது பெரிய வாளி, பாதித் தண்ணீர், மூடி, பேட்டரியில் ஓடும் குமிழி மோட்டார். 20 லிட்டர் வாளியில் பத்துப் பன்னிரண்டு பொடி மீனுக்கு மேல் வேண்டாம். கூடவே ஒரு கேனில் அதே வாய்க்கால் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிதீன் பையில் கட்டி மணிக்கணக்காகப் பயணம் செய்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மீன் விடும் கரியமிலவாயு பைக்குள் தங்கி பிஎச்-சைக் குறைத்து வைக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அப்போது போய்ச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் சேர்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. கட்டிய பையை மிதக்கவிட்டு சூட்டைச் சமமாக்கி, பிரித்த கையோடு வலையில் எடுத்து மாற்றிவிட வேண்டும். குமிழி ஓடிய திறந்த வாளிக்கு இது பொருந்தாது. அதில் அரை மணி நேரம் நிதானமாகத் தொட்டித் தண்ணீர் கலந்து பழக்கலாம்.

எங்கே மாற்றுவது? ஜோடித்து வைத்த தொட்டியில் இல்லை. ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றில், பெரிய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சை மாட்டி, இரண்டு வாதுமை இலை போட்டு, அயிரைக்கு ஒரு தட்டு மணல் வைத்து, மேலே துணியால் மூடி இருட்டாக்குங்கள். மூன்று வாரம் அங்கேதான். முதல் நாள் சோறு வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பேரப்பிள்ளைகளை அழைத்துக் காட்டுகிற வேலையை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போடலாம். காட்டு மீனில் பேன் இருக்கும். தட்டையாகத் தோலில் ஊரும், ஈரத் துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் எடுத்துவிடுங்கள். உடம்பில் குத்தி நிற்கும் நூல் போன்ற நங்கூரப் புழுவையும் அப்படியே. கரும்புள்ளிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: அந்த ஒட்டுண்ணி நத்தைக்குள்ளும் கொக்குக்குள்ளும் போய் வந்தால்தான் பெருகும், தொட்டியில் பரவ வழியில்லை. ரவை தூவியதுபோல் வெண்புள்ளி வந்தால்தான் அவசரம். உடனே மருந்து போட வேண்டும். அயிரைக்கும் கெளுத்திக்கும் மட்டும் பாதி அளவில் தொடங்குங்கள், அவற்றுக்கு மருந்து தாங்காது. எதற்கெடுத்தாலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து ஊற்றுகிறவர்கள் நோயைவிட வேகமாக மீனைக் கொல்கிறார்கள்.

அடுத்தது தீனி. முதல் வாரம் தப்பித்த மீன் இரண்டாம் வாரம் சாவது பெரும்பாலும் பட்டினியால். கடையில் வாங்கிய உருண்டைத் தீவனத்தை வாய்க்கால் மீன் சாப்பாடென்றே நினைக்காது. அசைவதுதான் அதற்கு இரை. இரண்டாம் நாள் மாலை கொஞ்சம் கொசுப்புழு போடுங்கள். வாளியில் தண்ணீர் வைத்தால் தானே வரும், ஆனால் வலை போட்டு மூடி, தினமும் வடித்து எடுத்துவிடுங்கள். விட்டால் ஒரு வாரத்தில் அத்தனையும் கொசுவாகும், சுகாதார ஆய்வாளரும் வந்து நிற்பார். சாக்கடைப் புழுவை வாங்காதீர்கள், நோயைக் கூப்பிட்டு விருந்து வைப்பதற்குச் சமம்.

கொசுப்புழுவுக்கு மேலே வந்து பறிக்கத் தொடங்கியதும் பொடியாக நறுக்கிய மண்புழு. அது அசையாவிட்டாலும் மணத்துக்கு வரும். பிறகு அந்த மண்புழுச் சாற்றிலேயே உருண்டைத் தீவனத்தை ஊறவைத்து நசுக்கிக் கலந்து போடுங்கள். புழுவை நாளுக்கு நாள் குறையுங்கள். இடையில் ஒரு நாள் பட்டினி போடலாம், பசி நல்ல வாத்தியார். அயிரைக்கு விளக்கணைத்தபின் போடுங்கள். பகலில் போட்டால் கெண்டை மிச்சம் வைக்காது. தலைக்குப் பின்னால் வயிறு குழிந்திருந்தால் அந்த மீன் சாப்பிடவில்லை, அல்லது வயிற்றில் புழு இருக்கிறது. மீன் தின்னாமல் விட்ட தீனியை அரை மணியில் எடுத்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது ஒரு வலை வீச்சு வேலை. வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மூடி கட்டாயம். 1791-ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரரான டால்டார்ஃப், பனையேறிக் கெண்டையைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் பிடித்ததாக எழுதிவைத்தார். மரம் ஏறியதோ இல்லையோ, மூடியில் டியூப் நுழையும் ஓட்டை வழியாக அது ஏறிவரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். பனையேறியும் குறவையும் மேலே வந்து காற்றைக் குடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும்.

வளர்க்க முடியாமல் போனால் வாய்க்காலில் கொண்டுபோய் விடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கடை மீனோடு, கடைச் செடியோடு ஒரு நாள் இருந்திருந்தாலும் அங்கில்லாத நோயை அது சுமந்து போகும். வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். குறவையாக இருந்து, தொட்டியில் மருந்தும் போட்டதில்லை என்றால், குழம்பு வையுங்கள்.