பதவியும் பாதுகாப்பும்

பதவி நீங்கினும் பகை நீங்குவதில்லை என்பதை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1984-இல் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் கொலையுண்டபின், 1985-இல் சிறப்புப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பெற்றது. ஆயினும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், பதவியிலுள்ள பிரதமரையும் அவர்தம் நெருங்கிய குடும்பத்தாரையுமே காத்தது. 1989-இல் பதவி நீங்கிய ராஜீவ் காந்தி அக்காவலை இழந்தார். 1991 மே 21-ஆம் நாள் இரவு, ஸ்ரீபெரும்புதூரில் வெடிகுண்டுக்கு இரையானார். பொதுமக்களும் காவலர் சிலரும் உடன் மாண்டனர். அவ்வாண்டே சட்டம் திருத்தப்பெற்று, முன்னாள் பிரதமரும் காவலுக்குரியராயினர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குழுவின் காவலைப் பதவி நீங்கியபின் 5 ஆண்டுகளாக வரையறுத்தது.

பொதுப்பணம் வீணாகலாகாது என்பது நேரிய வாதமே. எனினும், தலைவர்க்கு இடும் காவல் அவரைச் சூழ்ந்து நிற்கும் எளியோர்க்கும் காவலாம். ஆதலின், அபாயத்தின் அளவறிந்து காவலை வகுப்பதே அரசின் கடமை என்பதை மாணவர் சிந்திப்பாராக.