ஆண்டுக்கு ஒரு கன்று

மாணவர்களே! தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் வழியில், பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ‘மாடு கன்று போடுவதில் ஆராய என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறீர்களா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாட்களுக்குள் அது மீண்டும் சினையாக வேண்டும். கருப்பை பழைய நிலையை அடையவே சுமார் 40 நாட்கள் ஆகும். மீதி 45 நாட்கள். பசு பருவத்துக்கு வருவதோ 21 நாட்களுக்கு ஒரு முறை. ஆகவே கிடைப்பவை இரண்டே வாய்ப்புகள்! ஒன்றைத் தவறவிட்டால் 21 நாட்கள் வீண். தீவனச் செலவு மட்டும் நிற்காது.

பருவம் சுமார் 18 மணி நேரமே நீடிக்கும். அப்போது பசு கத்தும். பிற மாடுகள் மேலே ஏறினால் விலகாமல் நிற்கும். கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும். பருவம் முடிந்து 10 முதல் 12 மணி நேரம் கழித்தே சினைமுட்டை வெளிவருகிறது. அது கருவுறும் திறனுடன் இருப்பது சில மணி நேரமே. எனவே விந்தணுக்கள் முன்னதாகவே சென்று காத்திருக்க வேண்டும். இதனால்தான் காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுகிறார்கள்.

பெயர்தான் ஊசி, குத்துவதில்லை. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் காத்து வைத்த விந்தை உருக்கி, மெல்லிய குழல் வழியே கருப்பையில் செலுத்துவதே அது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ஜூன் 1ஆம் தேதி சினை ஊசி போட்ட பசுவை மீண்டும் எப்போது கவனிக்க வேண்டும்? ஜூன் 22 அளவில் அல்லவா? அப்போது பருவம் வராவிட்டால் சினை பிடித்திருக்கலாம். கால்நடை மருத்துவர் பின்னர் சோதித்து உறுதி செய்வார்.