பரீட்சைச் சபை மாறும்போது: ஆங்கில இலக்கியம் பயில்வோர்க்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் இடைநிலைக் கல்வி பெறும் எமது பிள்ளைகளுட் பெரும்பாலோர் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில இலக்கியப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். பாடசாலை தனது பரீட்சைச் சபையை மாற்றிக்கொள்வதும், குடும்பம் இடம் பெயர்வதாற் பிள்ளை வேறொரு சபையின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பாடசாலையிற் சேர்வதும் உண்டு. அவ்வேளைகளிற் பெற்றோர் உள்ளத்தில் ஐயங்கள் பல எழுகின்றன. புதிய சபையின் பரீட்சை கடினமானதா? இதுவரை படித்தவை வீணாகுமா? மூத்த பிள்ளையின் நூல்கள் இளைய பிள்ளைக்குப் பயன்படுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சபைகள் பல, தரம் ஒன்று

இலங்கையிற் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பரீட்சைத் திணைக்களம் ஒன்றே நாடு முழுவதற்கும் வினாத்தாள் தயாரிக்கின்றது. அம்முறையிற் பயின்ற பெற்றோருக்கு, ஒரே பாடத்துக்குப் பல சபைகள் பரீட்சை நடத்துவது புதுமையாகவே தோன்றும். இங்கிலாந்தின் மரபு வேறு. 1858 ஆம் ஆண்டிலேயே ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே பாடசாலை மாணவருக்குப் பரீட்சை நடத்தின. பின்னர் தோன்றிய சபைகள் பல காலப்போக்கில் ஒன்றிணைந்தன. இன்று ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில இலக்கியத்தை ஏ.கியூ.ஏ., பியர்சன் எடெக்செல், ஓ.சி.ஆர்., எடுகாஸ் என்னும் நான்கு சபைகள் நடத்துகின்றன. இவற்றுள் ஒன்றைத் தேர்வது பாடசாலையின் உரிமை. ஆங்கில மொழிக்கு ஒரு சபையையும் இலக்கியத்துக்கு வேறொரு சபையையும் தேர்வதற்கும் தடையில்லை.

சபைகள் பலவாயினும் அவை தத்தம் விருப்பப்படி பாடத்திட்டம் வகுக்க முடியாது. 2015 செப்டெம்பரிற் கற்பிக்கத் தொடங்கி 2017 இல் முதன்முறை பரீட்சிக்கப்பட்ட பாடத்திட்டத்தின்படி, ஒவ்வொரு மாணவரும் சேக்ஸ்பியர் நாடகம் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்று, 1789 முதலான கவிதைகளின் தொகுதி ஒன்று, 1914 இன் பின்னர் பிரித்தானியத் தீவுகளில் எழுந்த புனைகதை அல்லது நாடகம் ஒன்று ஆகியவற்றைப் பயிலவேண்டும். முன்பு படித்திராத கவிதைக்கும் விளக்கம் எழுதவேண்டும். நூல்களைப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டு செல்லுதல் எச்சபையிலும் அனுமதிக்கப்படுவதில்லை.

சபைகளின் தரம் ஒத்திருப்பதை ஒஃப்குவல் என்னும் அரச ஒழுங்குமுறை நிறுவனம் கண்காணிக்கின்றது. ஒரு சபையின் வினாத்தாள் கடினமாக அமையின், ஒவ்வொரு தரத்துக்கும் பெறவேண்டிய ஆகக் குறைந்த புள்ளி அதற்கேற்பத் தாழ்த்தப்படும். இலகுவாக அமையின் உயர்த்தப்படும். ஆகவே, ‘இலகுவான சபை’யைத் தேடி அலைவதிற் பயனில்லை. எச்சபையிற் பெற்றாலும் 7 என்னும் தரம் 7 ஆகவே மதிக்கப்படும்.

மாறுவன எவை?

தரம் ஒன்றேயாயினும் வினாத்தாளின் அமைப்பு வேறுபடும். மாணவர் இடர்ப்படுவது இங்கேதான். ‘மக்பெத்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ஏ.கியூ.ஏ. வினாத்தாளில் நாடகப் பகுதி ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதிலிருந்து தொடங்கி நாடகம் முழுவதையும் தழுவி ஒரே கட்டுரை எழுதவேண்டும். அதற்கு 30 புள்ளிகளும், எழுத்துப் பிழையின்மை, வாக்கிய அமைப்பு ஆகியவற்றுக்கு மேலும் 4 புள்ளிகளும் உண்டு. எடெக்செலில் அவ்வினா இரு பிரிவுகளாக அமையும். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள். முதற் பிரிவில் அச்சிட்ட பகுதியின் மொழிநடை, வடிவம், கட்டமைப்பு ஆகியவற்றை மட்டும் ஆராயவேண்டும். இரண்டாம் பிரிவில் நாடகத்தின் பிற இடங்களிலிருந்து சான்று காட்டி, காலப் பின்னணியையும் விளக்கவேண்டும். ஏ.கியூ.ஏ. முறையிற் பழகிய மாணவர் எடெக்செலின் முதற் பிரிவில் ஜேம்ஸ் மன்னர் காலத்துச் சூனிய நம்பிக்கை பற்றி ஒரு பந்தி எழுதினால், அது எத்துணைச் சிறப்பாயினும் புள்ளி பெறாது.

பிரீஸ்ட்லியின் ‘அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்’ நாடகத்துக்கும் இது பொருந்தும். அது நான்கு சபைகளின் பட்டியலிலும் இடம்பெறுவது. ஏ.கியூ.ஏ. இந்நாடகத்துக்கான விடையில் ஆசிரியரின் மொழிநடையை ஆராய்வதற்குத் தனியே புள்ளிகள் ஒதுக்குகின்றது. எடெக்செலோ கருத்து, சான்று, காலப் பின்னணி, பிழையற்ற எழுத்து ஆகியவற்றுக்கே புள்ளி வழங்குகின்றது. நூல் ஒன்று, கேட்கப்படுவது வேறு.

கவிதைத் தொகுதியிலே கூடுதல் அவதானம் தேவை. ஏ.கியூ.ஏ.யின் ‘அதிகாரமும் முரண்பாடும்’ தொகுதியிலும் எடெக்செலின் ‘முரண்பாடு’ தொகுதியிலும் 15 கவிதைகள் உள்ளன. அவற்றுட் சில இரண்டிற்கும் பொதுவானவை. ஆயினும் ‘வோர் ஃபொட்டோகிராபர்’ என்னும் தலைப்பிலே இரு தொகுதிகளிலும் காணப்படுபவை வெவ்வேறு கவிதைகள்! முன்னையது கரோல் ஆன் டஃபி எழுதியது. பின்னையது கரோல் சத்தியமூர்த்தி எழுதியது. தலைப்பை மட்டும் நோக்கி விளக்கவுரை வாங்கிய மாணவர், பரீட்சையில் வராத கவிதையை மனனம் செய்தவராவார். மேலும், சபை மாறாமலே தொகுதி மாறுவதும் உண்டு. ஓ.சி.ஆர். 2022 இல் தனது 45 கவிதைகளுள் 15 கவிதைகளை நீக்கிப் புதியன சேர்த்தது. ஆதலால் மூத்த பிள்ளையின் கவிதை நூலை இளைய பிள்ளைக்குக் கொடுக்குமுன் இரண்டு முறை பார்த்தல் நன்று.

எப்போது மாறுகின்றது?

சபை மாற்றத்தின் நன்மை தீமையை நிர்ணயிப்பது பெரும்பாலும் காலமே. பத்தாம் ஆண்டின் தொடக்கத்தில் மாறினால் இழப்பு மிகச் சிறிது. பதினோராம் ஆண்டின் நடுவிற் பாடசாலை மாறும் பிள்ளையோ, ஏனையோர் படித்து முடித்த நூலைத் தானே முதலிலிருந்து கற்க நேரிடலாம். ஆங்கில மொழி, கணிதம் ஆகியவற்றுக்கு நவம்பரில் மீள்பரீட்சை உண்டு. ஆங்கில இலக்கியத்துக்கு இல்லை. தவறினால் அடுத்த கோடைவரை காத்திருக்கவேண்டும். ஆகையாற் புதிய பாடசாலையில் அனுமதி கிடைத்த வாரத்திலேயே பெற்றோர் ஆங்கில ஆசிரியரைச் சந்தித்துப் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்:

1. பரீட்சைச் சபை எது? பாடத்திட்ட இலக்கம் யாது? (ஏ.கியூ.ஏ. ஆங்கில இலக்கியத்தின் இலக்கம் 8702.)
2. பயிலும் மூன்று நூல்கள் எவை? கவிதைத் தொகுதி எது?
3. இதுவரை கற்பித்து முடித்தவை எவை? பிள்ளை தவறவிட்டதைக் கற்க என்ன உதவி கிடைக்கும்?

இவ்விவரங்களை ஒரு தாளில் எழுதித் தனிப்பாட ஆசிரியருக்கும் கொடுத்தல் வேண்டும். கடந்தகால வினாத்தாள்களைப் பயிற்சிக்கு எடுக்குமுன், சபையின் பெயரையும் பாடத்திட்ட இலக்கத்தையும் முதற் பக்கத்திற் சரிபார்த்தல் அவசியம்.

மாறாத செல்வம்

மாணவச் செல்வங்களே! சபை மாறினாலும் உங்களிடமிருந்து பறிபோகாதவை சில உள. ஒரு சொல் ஏன் அவ்விடத்தில் நிற்கின்றது என்று வினவும் பழக்கம், கூறிய கருத்துக்கு நூலிலிருந்தே சான்று காட்டும் ஒழுங்கு, கண்டறியாத கவிதையையும் அஞ்சாது அணுகும் துணிவு ஆகியவை எல்லாச் சபைகளுக்கும் பொதுவானவை. எமது தமிழ்ப் பாடசாலை வகுப்பிலே செய்யுளை மனனம் செய்து, பதம் பிரித்து, பொருள் கூறப் பழகுகின்றீர்கள். நூலின்றி விடை எழுதவேண்டிய ஆங்கில இலக்கியப் பரீட்சைக்கும் அதுவே நற்பயிற்சி. நீண்ட பந்திகளை மனனம் செய்வதை விட, பல வினாக்களுக்குப் பொருந்தும் குறுகிய மேற்கோள்களைத் தெரிந்து மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! எச்சபை சிறந்தது என்று நண்பரிடம் வினவுவதிற் செலவாகும் நேரத்தை, பிள்ளை படிக்கும் நூலின் கதையை அப்பிள்ளை வாயாற் கேட்பதிற் செலவிடுங்கள். தமிழில் உங்களுக்குக் கதையை விளக்கிச் சொல்ல முடிந்த பிள்ளை, அந்நூலை உண்மையாகவே விளங்கிக்கொண்ட பிள்ளையாவான். எந்தச் சபை வினாத்தாளை அனுப்பினாலும் அந்த விளக்கம் அவனுக்குத் துணை நிற்கும்.