காயம் ஆறும், மனமும் தேறும்

தாராவியில் ஒரு சின்ன வீடு. அம்மா விடியும் முன்பே எழுந்து இட்லி அவிக்கிறாள். அப்பா பாத்திரத்தைத் தலையில் வைத்து மாட்டுங்கா பக்கம் விற்கப் போகிறார். மூத்த மகளுக்கு வயது பதினெட்டு. அவள் கபடி ஆடுகிறாள். விளையாட்டில் சிறந்தவர்களுக்கு ரயில்வேயில் தனி ஒதுக்கீடு உண்டு. மகளுக்கு அங்கே வேலை கிடைத்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஒரு நாள் செம்பூரில் போட்டி நடந்தது. பாடிப் போனவள் சட்டென்று திரும்பினாள். கால் மடங்கியது. முழங்காலுக்குள் ஏதோ தெறித்தது போல் இருந்தது. சற்று நேரத்தில் கால் வீங்கிவிட்டது.

"எண்ணெய் போட்டு உருவி விட்டால் சரியாகிவிடும்" என்றார் ஒருவர். "ஊசி போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆடு" என்றார் இன்னொருவர். அம்மா இருவர் சொல்லையும் கேட்கவில்லை. மகளை சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். முழங்கால் ஜவ்வு அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும் என்றும் சொன்னார்.

மூன்று மாதம் போனது. கால் தேறி வந்தது. ஆனால் மகள் தேறவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் தூங்குவதில்லை. தோழிகள் வந்தால், "நான் வீட்டில் இல்லை என்று சொல்லு" என்பாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு விளையாட்டு?" என்று தெருவில் பேசினார்கள். அது அவள் காதில் விழுந்தது.

ஒரு நாள் இரவு அவள் கேட்டாள்: "அம்மா, இனிமேல் நான் எதுக்கு இருக்கணும்?"

அம்மாவுக்குப் பகீர் என்றது. அன்று இரவு முழுவதும் மகளின் பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

காலையில் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். ரேடியோ காலத்திலிருந்தே கிரிக்கெட் மேல் பிரியம் உள்ளவர்.

"தாயி, உனக்கு அடிபட்டது முழங்காலில். மண்டை உடைந்த ஒரு கேப்டன் கதையைச் சொல்லட்டுமா?" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு கேப்டன்கள்

1962-ஆம் ஆண்டு இந்திய கிரிக்கெட் அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. கேப்டன் பெயர் நாரி காண்ட்ராக்டர். மார்ச் மாதம் பார்படாஸ் அணியோடு ஓர் ஆட்டம். அந்தக் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. சார்லி கிரிஃபித் வேகமாக வீசிய பந்து காண்ட்ராக்டரின் தலையில் பட்டது. மண்டையோடு உடைந்தது. பல நாள் அவருக்கு நினைவில்லை.

உயிர் பிழைக்க ரத்தம் தேவைப்பட்டது. எதிரணிக் கேப்டன் ஃப்ராங்க் வொரல் ரத்தம் கொடுத்தார். இந்திய வீரர்களும் கொடுத்தார்கள். ஆட்டத்தில்தான் எதிரி, ஆபத்தில் எதிரி இல்லை.

காண்ட்ராக்டர் பிழைத்தார். பின்பு நம் தமிழ்நாட்டில், வேலூர் ஆஸ்பத்திரியில், அவருடைய மண்டையில் உலோகத் தகடு வைத்தார்கள். அடிபட்டு ஒரு வருடம் ஆகும் முன்பே அவர் மீண்டும் மட்டையைப் பிடித்தார். உள்நாட்டுப் போட்டிகளில் பல ஆண்டுகள் ஆடினார். ஆனால் டெஸ்ட் ஆட்டம் ஆடும் வாய்ப்பு அதன் பிறகு வரவில்லை. அந்தத் தகட்டை 2022-இல் மும்பையில்தான் எடுத்தார்கள். அறுபது ஆண்டு காலம் அவர் அதோடு வாழ்ந்தார்.

அந்தப் பயணத்தில் அவருக்குப் பதில் கேப்டன் ஆனவர் பட்டோடி. வயது 21. அவரும் அடிபட்டவர்தான். முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் அவருடைய வலது கண் பார்வை போய்விட்டது. அவர் ஒரு கண்ணோடு புதிதாக ஆடிப் பழகினார். மொத்தம் 46 டெஸ்ட் ஆடினார்.

"ஒருவருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. இன்னொருவருக்குப் பழைய கண் திரும்பக் கிடைக்கவில்லை. ரெண்டு பேருமே வாழ்ந்து காட்டினார்கள், தாயி" என்றார் தாத்தா.

அவள் கேட்டாள்: "அவர்கள் அழுதிருப்பார்களா தாத்தா?"

தாத்தா கொஞ்சம் யோசித்தார். "அழாமல் இருப்பார்களா? அது ரேடியோவில் வரவில்லை, அவ்வளவுதான்."

மனதுக்கும் காயம் உண்டு

தாத்தா சொன்னது உண்மை. முன்பெல்லாம் வீரர்கள் மனக்கஷ்டத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள். இப்போது சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியின் நடுவில் அவர் விலகினார். மன நலம் முக்கியம் என்று வெளிப்படையாகச் சொன்னார். பலர் குறை சொன்னார்கள். அவர் சிகிச்சை பெற்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கம் வென்றார்.

அடிபட்டவர் மனம் ஏன் சோர்கிறது? தினமும் ஓடிய உடம்பு திடீரென்று ஓரிடத்தில் கிடக்கிறது. கூட ஆடியவர்கள் தூரப் போகிறார்கள். வேலைக் கனவு கலைகிறது. 'மறுபடியும் அடிபடுமோ' என்ற பயம் வருகிறது. இது கோழைத்தனம் அல்ல. காலில் வீக்கம் வருவது போலத்தான் இதுவும்.

இந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்:

- தூக்கம் இல்லை, பசி இல்லை.
- எதற்கெடுத்தாலும் கோபம் அல்லது அழுகை.
- யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.
- பிடித்த வேலையிலும் ஆசை இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 'சாக வேண்டும்' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடக் கூடாது. திட்டக் கூடாது. பேச விட்டுக் கேட்க வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது அரசு நடத்தும் மன நல உதவி எண். பணம் வேண்டாம். தமிழிலும் பேசலாம்.

அடிபட்டால் என்ன செய்வது?

- ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள்.
- ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள்.
- காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.
- வீங்கிய இடத்தை உருவாதீர்கள், இழுக்காதீர்கள்.
- வலி தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டு ஆடாதீர்கள். வலி ஓர் எச்சரிக்கை.
- தலையில் அடிபட்டால் அன்று திரும்ப ஆடவே கூடாது. வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பிறகு

அன்றைக்கே அம்மா மகளை சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இந்த முறை மனநலப் பிரிவுக்கு. டாக்டர் அவள் பேசுவதை நெடுநேரம் கேட்டார். வாரம் ஒரு முறை வரச் சொன்னார். கால் பயிற்சியும் தொடர்ந்தது. அப்பா தினமும் சாயங்காலம் அவளோடு நடந்தார்.

இப்போது அவள் இரவில் தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை தெருச் சிறுமிகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறாள். மறுபடியும் போட்டியில் ஆடுவாளா? இன்னும் தெரியாது. ரயில்வே வேலை கிடைக்குமா? அதுவும் தெரியாது.

ஆனால் நேற்றுத் தோழிகள் வந்தார்கள். அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

சிந்திப்போம், பேசுவோம்

1. அம்மா எண்ணெய் உருவ விடாதது சரியா? ஏன்?
2. ஃப்ராங்க் வொரல் செய்த உதவி என்ன?
3. அந்தப் பெண்ணின் மனம் சோர்ந்ததற்கான அடையாளங்கள் எவை?
4. உங்கள் தெருவில் அடிபட்டு வீட்டில் இருப்பவர் யாராவது உண்டா? இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்கள்.
5. 14416 என்ற எண்ணை எழுதிப் பழகுங்கள். வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.