தேசியக் கால்பந்து அணிக்கு ஏற்ற பயிற்சியாளர் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. புள்ளியியல் மாணவர்)

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி யூகோஸ்லாவியாவை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு களம் இறங்கினர். ஆட்டம் முடிந்தபோது யூகோஸ்லாவியா பத்து கோல், இந்தியா ஒரு கோல். அந்த அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். இன்று ஓர் அணி இவ்வாறு தோற்றிருந்தால், பயிற்சியாளர் விமானத்தை விட்டு இறங்குவதற்குள் பணிநீக்க உத்தரவு தயாராகியிருக்கும். ரஹீமுக்கு அப்படி நேரவில்லை. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கும், 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிற்கும், 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கும் அணி அவர் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது. மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தாவில் தங்கம் வென்றது.

இவ்வரலாற்றைப் படித்த நாள்முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு நாட்டின் அணிக்குப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்? பெயரையா, பிறந்த நாட்டையா, முந்தைய வெற்றிகளையா? நான் விளையாட்டு நிபுணன் அல்லன். புள்ளியியல் படிப்பவன், பள்ளி அணியில் பின்வரிசையில் ஆடியவன். அவ்வளவே இதை எழுத எனக்குள்ள தகுதி.

திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என்றோர் அதிகாரம் உண்டு. அதில் ஏழாவது குறளை நம்மில் பலர் பள்ளியிலேயே மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். அக்குறள் ஆளைப் பற்றிப் பேசும் முன்பு வேலையைப் பற்றிப் பேசுகிறது என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. நம் வினாவுக்கும் அதுவே வழி. நாட்டின் அணிக்குப் பயிற்சியாளராக இருப்பவருக்கு என்ன வேலை?

கிளப் பயிற்சியாளரின் வேலை நமக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் நாள்தோறும் அவர் கண்முன் இருப்பார்கள். காலையில் ஒரு முறையைக் கற்பித்து, பிழையை மறுநாள் திருத்தலாம். இடப்பக்கப் பின்வரிசைக்கு ஆள் இல்லையென்றால் பணம் கொடுத்து வாங்கலாம். நாட்டின் அணிக்கு இவை எதுவும் பொருந்தாது. ஆட்டக்காரர்கள் வேறொருவரிடம் சம்பளம் வாங்குபவர்கள். ஆண்டுக்குப் பத்து ஆட்டம் அளவில்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்பு சில நாட்களே அவர்கள் கூடுவார்கள். இல்லாத ஆளை விலைக்கு வாங்க இயலாது; இருப்பவர்களில் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தச் சில நாட்களும் எப்போதும் கிடைப்பதில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு வீரர்களை விடுவிக்கக் கிளப்புகள் தயங்கின. கடைசி நேரத்தில் ஆங்காங்கே திரட்டிய அணியோடு இகோர் ஸ்டிமாச் சென்றார். ஆட்டத்துக்கு முதல் நாள்தான் போய்ச் சேர்ந்தார்கள். முதல் ஆட்டத்தில் சீனாவிடம் 5-1 என்று தோற்றார்கள். ஸ்டிமாச் 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷிய அணியில் ஆடியவர். அந்தப் புகழ் அவருக்கு ஒரு நாள் பயிற்சியைக்கூடக் கூடுதலாக வாங்கித் தரவில்லை.

ஆகவே இந்த வேலையில் மூன்று கூறுகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நாடு முழுவதும் உள்ள மைதானங்களில் யார் யார் ஆடுகிறார்கள் என்று கண்ணால் கண்டிருப்பது. ஒருவனை எந்த இடத்தில் நிறுத்தினால் பயன்படுவான் என்று கண்டுகொள்வது. கொஞ்ச நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய முறை ஒன்றை வைத்திருப்பது. இம்மூன்றில் நடுவிலுள்ளதே கடினமானது.

ரஹீமின் கதைக்கு மீண்டும் வருவோம். 1909-இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி, தொழிலால் பள்ளி ஆசிரியர். ஆட்டக்காரராக அவர் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியளித்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ரோவர்ஸ் கோப்பையை வென்றது. சங்கத்தின் வேலை என்பது ஓடி அலையும் வேலை. எந்தத் தெருவில் எந்தப் பையன் ஆடுகிறான் என்பது அப்படி அலைபவருக்குத்தான் தெரியும். வலக்கால் பழக்கமுள்ளவனை இடக்காலாலும் ஆடச் செய்வது, பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல் உடனே அடுத்தவனுக்குத் தள்ளச் செய்வது ஆகியவை அவர் வற்புறுத்திய பாடங்கள். ஓர் ஆசிரியர் வகுப்பில் கற்பிப்பதைப் போன்ற பாடங்கள்தாம், மிக எளியவை.

ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின்பு இந்திய ஆட்டக்காரர்கள் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. நான்காண்டு கழித்து மெல்போர்னில், ஹங்கேரி விலகியதால் முதற்சுற்றைக் கடந்த இந்தியா (அந்த அதிர்ஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும்), ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியா! பிறகு 4-1 என்று தோற்றது உண்மைதான். ஆனால் பத்துக்கு ஒன்றிலிருந்து நான்குக்கு ஒன்று என்பது, என் கணக்கில், எத்தனையோ வெற்றிகளைவிடப் பெரிய முன்னேற்றம்.

ஜகார்த்தாதான் இந்த வரலாற்றின் சிகரம். 1962 ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்துடன் ஆடும்போது பின்வரிசையின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. தலைக்காயத்தோடு ஒருவரைத் தடுப்பாட்டத்தில் நிறுத்த இயலாது. வேறு யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியாட்டத்தில் ஒரு கோல் அடித்தார். உடல்நலமின்றி இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்துக்கு மீண்டும் இறக்கினார். தங்கராஜ் ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் வழியாக வளர்ந்தவர். தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடி, பின்னர் கோல்கீப்பரானவர். இறுதியாட்டத்தில் பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் கோல் அடிக்க, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. அப்போது ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் 53 வயதில் மறைந்தார். அதன் பிறகு 1970-இல் ஒரு வெண்கலம் வந்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா மீண்டும் தங்கம் கண்டதில்லை.

இங்கே சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான், அப்பா கொத்தனார். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். மாவட்ட அளவில்கூட அவர் ஆடியதில்லை என்று பின்னர் அறிந்தேன். பயிற்சி காலை ஆறு மணிக்கு. என் வகுப்புத் தோழன் ஒருவன் நன்றாக ஆடுவான், ஆனால் பயிற்சிக்கு வரமாட்டான். "திமிர் பிடித்தவன்" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆசிரியர் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்விட்டார். அவன் விடியற்காலையில் செங்கல் சூளையில் கல் அடுக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான் என்பது அன்றுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து பயிற்சி மாலை நேரத்துக்கு மாறியது. அந்த ஆண்டு எங்கள் அணியின் பாதி கோல்கள் அவன் அடித்தவை. முன்வரிசையில் நின்ற என்னைப் பின்வரிசைக்குத் தள்ளியதும் அதே ஆசிரியர்தான். அன்று எனக்கு வருத்தம். அவர் சரியாகத்தான் செய்தார் என்று இன்று ஒப்புக்கொள்கிறேன்.

பயிற்சியாளர் சொந்த நாட்டவரா, அயல்நாட்டவரா என்ற வாதம் எங்கும் நடப்பது. 1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கோப்பைகளிலும் வென்ற அணியின் பயிற்சியாளர் அந்நாட்டவரே. இதைச் சொல்லி வாதத்தை முடித்துவிடுவோர் உண்டு. புள்ளியியல் மாணவன் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். கோப்பை வெல்லும் வலிமையுள்ள பிரேசில், ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகள் அயல்நாட்டவரை நாடியதே அரிது. வலிமையான அணிகள் அயலாரை அமர்த்தாதபோது, அயலார் வென்றதில்லை என்பது எதை நிரூபிக்கிறது? 2004 ஐரோப்பியக் கோப்பையை எவரும் எதிர்பாராத கிரீஸ் வென்றது. அதன் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல் ஜெர்மானியர். கடவுச்சீட்டைப் பார்த்து இவ்வேலைக்கு ஆள் எடுப்பது வீண் என்பதே என் கருத்து.

ஒரே சமயத்தில் கிளப்பையும் நாட்டின் அணியையும் ஒருவர் பார்க்கலாமா? கூடவே கூடாது என்றுதான் இக்கட்டுரையின் முதற்படியில் எழுதியிருந்தேன். 2024-இல் பொறுப்பேற்ற மனோலோ மார்க்கேஸ் சில காலம் கோவா கிளப்பையும் சேர்த்துக் கவனித்தார். ஓராண்டில் இந்திய அணிக்கு ஒரே ஒரு வெற்றிதான் கிட்டியது. ஆனால் ரஹீமே காவல்துறை அணியையும் நாட்டு அணியையும் சேர்த்துப் பார்த்தவர் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

2025-இல் மார்க்கேஸ் விலகியபின் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. பார்சிலோனா புகழ் சாவி, பெப் கார்டியோலா ஆகியோர் பெயரிலும் விண்ணப்பங்கள் இருந்தன! பின்னர் அவை போலி என்று சம்மேளனமே அறிவித்தது. அந்த இரண்டு நாட்களும் செய்தித்தாள்களில் வேறு பேச்சே இல்லை. சாவி வந்தால் இந்தியா உலகக் கோப்பைக்கே போய்விடும் என்று எங்கள் விடுதியில் பந்தயம் கட்டினார்கள். அவர் நம் ஆட்டக்காரர்களில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று எவரும் கேட்கவில்லை. முடிவில் ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு மூவரைப் பரிந்துரைக்க, ஆகஸ்டில் காலித் ஜமீல் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திய லீக் ஆட்டங்களில் ஆண்டுக்கணக்காகப் பயிற்சியளித்தவர் என்ற வகையில், நான் மேலே சொன்ன முதற்கூறு அவரிடம் இருந்தது.

வெற்றி தோல்விகளை வைத்து ஒரு பயிற்சியாளரை எடைபோடுவது பற்றி என் பாடத்திலிருந்து ஒரு கணக்கு. சம வலிமையுள்ள எதிரணிகளோடு ஓர் அணி எட்டு ஆட்டம் ஆடுவதாகவும், சமநிலையே வராது என்றும் கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போன்றதுதான். எட்டு முறை சுண்டினால் 256 விதங்களில் விளைவுகள் அமையலாம். அவற்றில் இரண்டு வெற்றிகளோ அதற்குக் குறைவோ கிடைப்பவை 1 + 8 + 28, ஆக 37. ஆறு வெற்றிகளோ அதற்கு மேலோ கிடைப்பவையும் 37. அதாவது, முற்றிலும் ஒரே திறமையுள்ள ஏழு பயிற்சியாளர்களை அமர்த்தினால், ஏறத்தாழ ஒருவரை உதவாக்கரை என்று துரத்தியிருப்போம். ஒருவரை மேதை என்று தோளில் தூக்கியிருப்போம். மற்ற ஐவர் இடையில் நின்றிருப்பார்கள். எட்டு ஆட்டம் என்பது நாட்டின் அணிக்கு ஏறக்குறைய ஓராண்டு.

அர்ஜென்டினா 2018-இல் லியோனல் ஸ்கலோனியைத் தற்காலிகமாக அமர்த்தியது. அதற்கு முன்பு அவர் எந்த முதுநிலை அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அல்லர். 2019 கோப்பா அமெரிக்கா அரையிறுதியில் பிரேசிலிடம் தோற்றார், ஆயினும் நீடித்தார். 2021-இல் கோப்பா அமெரிக்கா, 2022-இல் உலகக் கோப்பை. 2019-இல் வேறு ஆளைத் தேடியிருந்தால்?

2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இந்தியா இழந்தது. அன்றிரவு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கூச்சல். "ஆளை மாத்தணும்டா" என்றான் அறைத்தோழன். ஜமீல் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே என்று நான் 256 கணக்கைச் சொல்லி, ரஹீமையும் துணைக்கு அழைத்தேன். அவன் வேதியியல் மாணவன், பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: "சரிப்பா, 1952-லே பத்து கோல் வாங்கின மறுநாள் காலையிலே, பின்னாலே வரப்போற தங்கம் தெரியாம, நீ ரஹீமை வெச்சிருப்பியா?"

'ஆம்' என்று வாய்வரை வந்தது. அந்தக் காலையில் தேர்வாளர் கையில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்த்தேன். 1950, 1951 ரோவர்ஸ் கோப்பைகள். ஈரானை 1-0 என்று வென்று 1951-இல் டில்லியில் பெற்ற ஆசிய விளையாட்டுத் தங்கம். வெறுங்காலோடு ஆடிய ஆட்டக்காரர்கள். எதிரே பத்து கோல். ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவன் தட்டைக் கழுவப் போய்விட்டிருந்தான்.