பிள்ளை பெயரில் வரும் பணம், தாய் பெயரில் வரும் பணம்



போன மாதம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு அக்கா மட்டும் கிளம்பாமல் நின்றார். கணவர் இறந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் வாங்குகிறார். வீட்டில் பத்தொன்பது வயது மகள், பிறந்ததில் இருந்தே மூளை முடக்குவாதம். பல் விளக்கிவிடுவது முதல் சோறு ஊட்டுவது வரை எல்லாம் அம்மாதான்.

"பிள்ளைக்கு என்னக்கா வருது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுதிப் போடலை மேடம். அவளுக்குக் கேட்டா என் பென்சனை நிறுத்திடுவாங்களாமே."

யார் சொன்னாங்க என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியவில்லை. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். இந்தப் பயத்திலேயே நாலு வருஷம் ஓடிவிட்டது. அதனால் இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான். ஊனமுற்ற பிள்ளைக்கு வரும் பணமும், பார்த்துக்கொள்ளும் தாய்க்கு வரும் பணமும் எங்கே மோதும், எங்கே மோதாது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே ஆள் இரண்டு மாத உதவித்தொகை வாங்க முடியாது. இது உண்மை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு ஆளுக்கு வருவது வேறு விஷயம். அக்காவுக்கு வரும் பணம் அவர் கணவரை இழந்தவர் என்பதற்காக. மகளுக்கு வரவேண்டியது அவளுடைய குறைபாட்டுக்காக. மகளுக்கு விண்ணப்பம் போட்டதற்காகத் தாயின் விதவை ஓய்வூதியத்தை நிறுத்த மாட்டார்கள். அதே அக்காவுக்கே கால் ஊனம் இருந்து, விதவை ஓய்வூதியத்தோடு ஊனமுற்றோர் ஓய்வூதியமும் கேட்டால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, ஊனமுற்றவருக்கான பணம் இரண்டு அலுவலகத்தில் இருந்து வருகிறது. இங்கேதான் பலருக்கும் குழப்பம். தாலுகா ஆபீஸ் வழியாக வருவாய்த் துறை கொடுப்பது ஓய்வூதியம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள, ஆதரவில்லாதவர்களுக்கு. 2023 ஜனவரியில் இது 1,000-ல் இருந்து 1,500 ரூபாய் ஆனது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கொடுப்பது பராமரிப்பு உதவித்தொகை. அதே ஜனவரியில் இது 1,500-ல் இருந்து 2,000 ஆனது. உடல் குறைபாடு 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 40 சதவீதமும் அதற்கு மேலும் மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் இதைக் கேட்கலாம்.

இரண்டையும் ஒரே ஆள் வாங்க முடியாது. வித்தியாசம் 500 ரூபாய்தானே, எது வந்தால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. உதவியாளருக்கான பணம் இரண்டாவதோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது என்ன உதவியாளர் பணம்? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அடுத்தவர் கை இல்லாமல் அன்றாடக் காரியம் நடக்காதவர்களை 'உயர் ஆதரவு தேவைப்படுவோர்' என்கிறது. அவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று அதன் 24-வது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர்களில் இப்படிப்பட்டவர்களுக்கு உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தனியாகக் கொடுக்கும் திட்டம் வந்தது. இது 2,000-ஐக் குறைக்காது, அதற்கு மேல் வருவது. பிள்ளைக்குப் பராமரிப்பு உதவித்தொகை உத்தரவு கையில் இல்லை என்றால் தாய்க்கான இந்தப் பணத்துக்கு மனுவே போட முடியாது. ராத்திரி பகல் பார்க்காமல் செய்கிற வேலைக்கு ஆயிரம் ரூபாய் என்பது மூணு நாலு நாள் களை எடுக்கப் போனால் வருகிற கூலிதான். போதாது என்பதே என் எண்ணம். ஆனாலும் அந்த வேலையை வேலை என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்களே, அதை விட்டுவிடாதீங்க.

அக்கா மகளின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். 'இயக்கக் குறைபாடு, 60 சதவீதம்' என்று இருந்தது. சிறுபிள்ளையாக இருந்தபோது கொடுத்தது. காலை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பேச்சு விளங்காது, காசு தெரியாது, நேரம் தெரியாது. அதை யாரும் சோதிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. 60 சதவீதத்தை வைத்துப் போனால் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்காது, 1,500-தான். மனவளர்ச்சிக் குறைபாட்டையும் சோதித்து அது 40 சதவீதத்துக்கு மேல் என்று மருத்துவக் குழு எழுதினால் 2,000-க்குத் தகுதி வருகிறது, அதற்கு மேல் உதவியாளர் பணத்துக்கும் வழி திறக்கிறது. உங்கள் ஊரிலும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் அட்டையை எடுத்துப் பாருங்க. ஒரே ஒரு குறைபாடுதான் எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் மறுமதிப்பீடு கேட்கலாம். ரயில் சலுகையும் இப்படித்தான். 'துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்' என்று டாக்டர் சான்று கொடுத்தால்தான் கூடப் போகிறவருக்கும் டிக்கெட்டில் சலுகை.

ஏற்கனவே 1,500 வாங்குகிறவர்கள் மாறும்போது ஒரு எச்சரிக்கை. அவசரப்பட்டு தாலுகா ஆபீசில் பழையதை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீங்க. புதியது எப்போது உத்தரவாகும், பழையது எந்த மாதத்தோடு நிற்கும் என்று இரண்டு இடத்திலும் கேளுங்க. நடுவில் நாலு மாதம் ஒன்றுமே வராமல் நின்ற குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஏறினாலும் சும்மா இருக்கக் கூடாது, பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மகளிர் உரிமைத் தொகை பற்றியும் நிறையப் பேர் கேட்டீங்க. 2023 செப்டம்பர் 15-ல் அது தொடங்கும் முன்பு முதலில் வந்த விதியில், ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்துக்குக் கிடையாது என்று இருந்தது. ஊருக்குள் பரவியது அந்த ஒரு வரிதான். பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் குடும்பத்துக்கு விலக்கு உண்டு என்று அதே விதியில் இருந்தது. ஆகஸ்டில், முதியோர் ஓய்வூதியம், மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்கும் வீடுகளிலும் ஓய்வூதியம் வாங்காத, மற்ற தகுதி உள்ள பெண் விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தினார்கள். இதெல்லாம் அவ்வளவாக யார் காதுக்கும் எட்டவில்லை. நம்ம அக்கா தானே ஓய்வூதியம் வாங்குவதால் அவருக்கு அது கிடையாது. கணவர் இருக்கும் வேறு ஒரு தாய்க்கு, பிள்ளையின் பணம் தடையாக இருக்கவில்லை. தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பம் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்க.

பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் என்று தானாக ஆகிவிட மாட்டார். பாங்கில் பிள்ளை கணக்கில் இருந்து எடுக்கப் போகும்போதுதான் இது தெரியவரும். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர் அளவிலான குழுவுக்கு மனு கொடுத்து நியமன ஆணை வாங்க வேண்டும். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல குறைபாடு சேர்ந்து உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

குழுத் தலைவிகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் உதவித்தொகை பிள்ளையுடையது. தாய் கட்ட வேண்டிய உள்கடன் தவணைக்கு அதைப் பிடிக்கச் சொல்லாதீங்க. இப்படிப்பட்ட தாய் கூட்டத்துக்கு வராத நாளுக்கு அபராதம் போட்டிருந்தால் தீர்மானப் புத்தகத்தை எடுத்து இன்னொரு முறை யோசிங்க. அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவில் எத்தனை வீட்டில் இப்படிப் பிள்ளைகளோ பெரியவர்களோ இருக்கிறார்கள், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஆபீஸ் பணம் வருகிறது என்று மூன்றையும் எழுதி ஊக்குநரிடம் கொடுங்க.

அக்காவோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போய் மறுமதிப்பீட்டுக்கு மனு கொடுத்துவிட்டு வந்தோம். மருத்துவக் குழு முகாமுக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையை பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது என்பதால், ஆட்டோ செலவைப் பொது நிதியில் கொடுப்பதாக அவர் குழு தீர்மானம் போட்டிருக்கிறது.